ஸ்லீவ் சர்ஜரிக்குப் பிறகு எடை 91 கிலோவிலேயே நிற்கிறது, என்ன செய்வது?

கேட்டவருக்கு வயது 38, உயரம் 160 சென்டிமீட்டர். ஏழு மாதத்துக்கு முன்னால் ஸ்லீவ் சர்ஜரி, அதாவது எடை குறைய வயிற்றின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஆபரேஷன். அன்றைக்கு 118 கிலோ, இன்றைக்கு 91. ஐந்து வாரமாக எடை மெஷின் அந்த 91-ஐச் சுற்றியே வருகிறது. ஒருநாள் 90.6, மறுநாள் 91.4. ஐந்து வாரம் முன்புதான் நடையை 20 நிமிடத்திலிருந்து 40 நிமிடமாகக் கூட்டியிருக்கிறார். அதே சர்ஜரி செய்துகொண்ட நாத்தனார் ஏழு மாதத்தில் 38 கிலோ குறைந்துவிட்டாராம். வீட்டில் யாரோ "ஆபரேஷன் ஃபெயிலியர்" என்று சொல்லிவிட்டார்கள். அவருடைய கேள்விகள்: வயிறு மறுபடி பெரிதாகிவிட்டதா? வீடியோக்களில் சொல்லும் ஐந்து நாள் திரவ உணவு இருந்து பார்க்கலாமா? இரண்டாவது சர்ஜரி தேவைப்படுமா? அடுத்த வாரம் கிருத்திகை, விரதம் இருந்தால் இரண்டு கிலோவாவது இறங்குமா?

ஒரு நாள் சாப்பாட்டையும் எழுதியிருக்கிறார். அதற்கு வருகிறேன். அதற்கு முன் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: "ஜாக்கெட் மட்டும் போன மாதம் பிடித்தேன், மறுபடி தளர்ந்துவிட்டது." அம்மா, உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

நான் டயட்டீஷியன். பேரியாட்ரிக் சர்ஜரி, அதாவது எடை குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டவர்களைப் பல வருடங்களாகப் பார்க்கிறேன். எடை நிற்காமல் ஒரே சீராக இறங்கிய ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. எல்லோருடைய கிராஃபும் மாடிப்படிதான். நாலு படி இறங்கும், ஒரு இடத்தில் நிற்கும், திரும்ப இறங்கும். நிற்கிற இடத்தில்தான் எல்லோரும் பயந்துபோய் ஏதாவது செய்துவைக்கிறார்கள்.

முதல் நிறுத்தம் பெரும்பாலும் மூன்றாவது வாரத்தை ஒட்டி வரும். சர்ஜரியான புதிதில் சாப்பாடு ஏறக்குறைய இல்லை என்பதால், கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற வடிவில் சேமித்து வைத்த சர்க்கரையை உடம்பு எடுத்துச் செலவழிக்கிறது. ஒரு கிராம் கிளைகோஜனோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரும் கட்டிக்கொண்டிருக்கும். முதல் இரண்டு வாரத்தில் மளமளவென்று இறங்கியதில் பெரும் பங்கு அந்தத் தண்ணீர்தான். அப்புறம் உடம்பு சுதாரித்துக்கொண்டு கொஞ்சம் தண்ணீரைத் திரும்பப் பிடித்து வைக்கிறது. கொழுப்பு கரைந்துகொண்டே இருந்தாலும் முள் நகராது. இதற்கு மருந்தும் வேண்டாம், மாற்றமும் வேண்டாம். காத்திருந்தால் போதும்.

உங்களுடையது ஏழாவது மாதம், இது வேறு கதை. ஆனால் தண்ணீர் ஆடும் ஆட்டம் இதிலும் உண்டு. இரண்டாம் உலகப் போர் முடியும் சமயத்தில், 1944-45-இல், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 இளைஞர்களை 24 வாரம் அரைப் பட்டினியில் வைத்துப் பார்த்தார். எல்லோரும் தாமாக முன்வந்தவர்கள். எலும்பும் தோலுமாக ஆன அந்த ஆட்களுக்குக் கால் வீங்கியது. உள்ளே கொழுப்பும் தசையும் கரைந்துகொண்டிருக்க, சேர்ந்த நீர் அந்தக் குறைவில் ஒரு பகுதியை எடைக் கணக்கில் மறைத்தது. அவர்கள் நிலைமை படுமோசம், உங்களுடையது அப்படி இல்லை. ஆனால் மெஷின் காட்டும் எண்ணும் உடம்பில் நடப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

உங்கள் ஐந்து வாரத்தில் குறைந்தது ஒரு மாதவிடாய் வந்துபோயிருக்கும். அதற்கு முந்தைய சில நாட்களில் ஒரு கிலோ, சிலருக்கு இரண்டு கிலோகூட நீரால் ஏறும். நடையை இரட்டிப்பாக்கியிருக்கிறீர்கள். புதிதாக வேலை வாங்கப்பட்ட தசை, தன்னைச் சரிசெய்துகொள்ளக் கொஞ்சம் நீரை இழுத்து வைத்துக்கொள்ளும். இரும்புச்சத்து மாத்திரையால் மலச்சிக்கல் இருந்தால் அதுவும் கணக்கில் சேரும். வாரத்துக்கு அரைக் கிலோ கொழுப்பு கரைகிறவருக்கு இதெல்லாம் சேர்ந்தால் மூன்று வாரத்துக் குறைவு மறைந்துவிடும். ஜாக்கெட் மட்டும் உண்மையைச் சொல்லும். அதனால் இன்றைக்கே ஒரு டேப் எடுத்து இடுப்பு, தொப்புள் வழியாக வயிறு, தொடை, மேல்கை நாலையும் அளந்து தேதி போட்டு எழுதுங்கள். எடையை வாரத்தில் ஒரே நாள், காலையில் டாய்லெட் போய்விட்டு வந்ததும், அதே மெஷினில், அதே தரையில் பாருங்கள். தினமும் பார்ப்பது மனசைத்தான் கெடுக்கும்.

சரி, நாத்தனார் விஷயத்தை முடித்துவிடுவோம். 118-இல் 27 கிலோ என்றால் மொத்த எடையில் 23 சதவீதம் போயிருக்கிறது. ஸ்லீவ் செய்தவர்களுக்குப் பொதுவாக ஒன்றிலிருந்து ஒன்றரை வருடத்தில் 25 முதல் 30 சதவீதம் குறையும். ஏழாவது மாதத்தில் 23 என்பது நல்ல ஓட்டம். நாத்தனார் எத்தனை கிலோவில் ஆரம்பித்தார்? 150 என்றால் 38 கிலோ என்பது 25 சதவீதம்தான். நீங்கள் இருவரும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நிற்கிறீர்கள். கிலோவைக் கிலோவோடு ஒப்பிடுவது குடும்பச் சண்டைக்குத்தான் உதவும்.

ஆனாலும் இதெல்லாம் தண்ணீர்க் கணக்குதான் என்று சொல்லி உங்களை அனுப்பிவிட மாட்டேன். உங்கள் சாப்பாட்டுக் குறிப்பு என்னை உறுத்துகிறது. அளவால் அல்ல. எது உள்ளே போகிறது என்பதால்.

நீங்கள் எழுதியது இது. காலையில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட காபி. எட்டரைக்கு இரண்டு இட்லி, சாம்பார், தேங்காய்ச் சட்னி. பதினொரு மணிக்கு சாத்துக்குடி ஜூஸ். மதியம் நன்றாகக் குழைத்த ரசம் சாதம் ஒரு சின்னக் கிண்ணம், இரண்டு ஸ்பூன் பொரியல். நாலு மணிக்கு டீ, இரண்டு ரஸ்க், "கொஞ்சம் மிக்சர்". ராத்திரி ஒரு தோசை. படுக்கும்போது மால்ட் பவுடர் கலந்த பால். புரோட்டீன் பவுடர் குமட்டுகிறது என்று மூன்றாவது மாதமே நிறுத்திவிட்டீர்கள்.

இதில் புரதம் எவ்வளவு என்று கூட்டிப் பார்த்தேன். ஒரு இட்லியில் இரண்டு கிராம் வந்தால் பெரிது. வீட்டுச் சாம்பாரில் பருப்பு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். ரசத்தில் ஒன்றும் இல்லை. தோசையில் மூன்று. காபி, டீ, பால் எல்லாம் சேர்த்துப் பத்து. எப்படிக் கூட்டினாலும் 25 கிராமைத் தாண்டவில்லை. சர்ஜரிக்குப் பிறகு ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் வேண்டும், பலருக்கு 80 வரை சொல்வோம். நீங்கள் பாதிகூடத் தொடவில்லை.

புரதம் போதாவிட்டால் உடம்பு தன் தசையையே எடுத்துச் செலவழிக்கும். சும்மா படுத்திருக்கும்போதும் கலோரியை எரிப்பதில் தசைக்கு ஒரு பங்கு உண்டு. அது கரையக் கரைய அடுப்பின் தீ தணியும். ஏற்கெனவே எடை குறைந்ததாலேயே உங்கள் தேவை குறைந்துவிட்டது. நாங்கள் வழக்கமாகப் போடும் மிஃப்லின் சூத்திரத்தில் உங்கள் வயது, உயரத்தைப் போட்டால், 118 கிலோவில் ஓய்வாக இருக்கும்போதே சுமார் 1,830 கலோரி செலவாகும். 91 கிலோவில் அது 1,560. நடந்தாலும் அதே கதை. 27 கிலோ மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நடக்கிறீர்கள், அதே தூரத்துக்குச் செலவு குறைவு. எடை இழந்த உடம்பு பல சமயம் இந்தச் சூத்திரம் சொல்வதைவிடவும் சிக்கனமாக நடந்துகொள்ளும். மூன்றாவது மாதத்தில் எடையை இறக்கிய சாப்பாடு ஏழாவது மாதத்தில் எடையைப் பிடித்து நிறுத்துவது இப்படித்தான்.

இப்போது உங்கள் கலோரியைப் பார்த்தால், எழுதியபடி 1,200 முதல் 1,300 வரை வருகிறது. கணக்குப்படி இன்னும் இறங்கத்தான் வேண்டும். அப்படியென்றால் நீரின் மறைப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், எழுதாமல் விட்டதும் இருக்கிறது. குற்றம் சொல்லவில்லை. எல்லோரும் விடுகிறோம், என் வீட்டில் நானே எழுதினாலும் விட்டுவிடுவேன். குழம்புக்கு உப்புப் பார்ப்பது, பிள்ளை தட்டில் மிச்சம் வைத்த அரைத் தோசை, இரண்டாம் தடவை ஊற்றிய சட்னி, டிவி முன்னால் கை போய்வரும் டப்பா. "கொஞ்சம் மிக்சர்" என்பதை ஒரே ஒரு நாள் கிச்சன் தராசில் வைத்துப் பாருங்கள். நூறு கிராம் மிக்சரில் 500 கலோரிக்கு மேல். ஒரு கைப்பிடியே 150-ஐத் தொடும். ஆனால் ஒரு இட்லி நிரப்பும் அளவுகூட வயிறு நிரம்பாது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஸ்லீவில் வயிற்றின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் போன்ற ஒரு குழாய். பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோனைச் சுரக்கும் பகுதி பெரும்பாலும் வெட்டிய பக்கத்தோடு போய்விடுவதால் முதல் சில மாதங்கள் பசியே தெரியாது. அந்தத் தேனிலவு மெல்ல முடியும். ஆறு, ஏழு மாதத்தில் பசி எட்டிப் பார்ப்பது சகஜம். அப்போது அந்தக் குழாய் எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்பதுதான் கேள்வி. ஒரு துண்டு கோழி, ஒரு முட்டை, கெட்டியான பயறு, இவை உள்ளே போய் உட்கார்ந்து "போதும்" என்று சொல்லவைக்கும். குழைந்த ரசம் சாதம், மோர் சாதம், பாலில் நனைத்த ரஸ்க், பாயசம், ஜூஸ், வாயில் போட்டதும் கரைகிற பிஸ்கட், காராசேவு இவையெல்லாம் சறுக்குமரத்தில் போவதுபோல வழுக்கி இறங்கிவிடும். அரை மணி நேரத்தில் வயிறு காலி. எவ்வளவு சின்ன வயிறாக இருந்தாலும் நாளெல்லாம் இப்படி இறங்கிக்கொண்டே இருக்கலாம்.

நம் ஊர் நோயாளிகளுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சிரமம். உடம்பு சரியில்லை என்றால் குழைத்த சாதம், கஞ்சி, ரஸ்க் என்று வளர்ந்தவர்கள் நாம். ஆபரேஷன் ஆனவருக்கு "இதமாக" எதையாவது கொடுக்க வேண்டும் என்று அம்மாவும் மாமியாரும் துடிப்பார்கள். முதல் மாதத்துக்கு அது சரி. ஏழாவது மாதத்திலும் அதையே சாப்பிட்டால், டாக்டர் வைத்த கதவுக்குப் பக்கத்திலேயே நீங்கள் ஒரு ஜன்னலைத் திறந்துவைத்திருக்கிறீர்கள் என்றுதான் அர்த்தம். கெட்டியாகச் சாப்பிட்டால் நெஞ்சில் அடைக்கிறது, அதனால்தான் இளக்கமாகச் சாப்பிடுகிறேன் என்று பலர் சொல்வார்கள். பெரும்பாலும் வேகமாகச் சாப்பிடுவதுதான் காரணம். சுண்டுவிரல் நகம் அளவு வாயில் போட்டு, கூழாகும்வரை மென்று, இருபது முப்பது நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்படியும் தினமும் அடைத்தால், வாந்தி வந்தால், அது சாப்பாட்டுப் பழக்கம் சம்பந்தப்பட்டதல்ல. குழாய் எங்காவது சுருங்கியிருக்கலாம். சர்ஜனைப் பார்க்க வேண்டும்.

சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கிறீர்களா என்று எழுதவில்லை. குடித்தால் நிறுத்துங்கள். சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள். நடுவில் குடித்தால் கெட்டிச் சாப்பாடும் சறுக்குமரத்தில் ஏறிவிடும். ரசம் ஊற்றிப் பிசைவது என்பதே தண்ணீரோடு சாப்பிடுவதுதானே. மற்ற நேரத்தில் சிறுகச் சிறுக ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் போக வேண்டும்.

அப்போது என்ன சாப்பிடுவது? நீங்கள் அசைவம் சாப்பிடுவீர்கள் என்று மற்ற குறிப்பிலிருந்து தெரிகிறது. காலையில் இரண்டு முட்டையை முதலில் சாப்பிடுங்கள், 12 கிராம் வந்துவிட்டது. இடம் இருந்தால் அரை இட்லி. முக்கால்வாசி நாள் இடம் இருக்காது, அதுதான் நமக்கு வேண்டும். ஜூஸுக்குப் பதில் அந்த நேரத்தில் புரோட்டீன் பவுடர். குமட்டுவது இனிப்பு வாசனையால் இருக்கும். வாசனை, இனிப்பு சேர்க்காத வே புரோட்டீன் வாங்கி, நீர்மோரில் உப்பு, சீரகம், கறிவேப்பிலை தட்டிப் போட்டுக் கலந்து பாருங்கள். பாலில் கலந்து குடிக்க முடியாத பலர் இதைக் குடித்துவிடுகிறார்கள். ஒரு அளவுக்கரண்டியில் 20 கிராமுக்கு மேல் கிடைக்கும். மதியம் குழம்பு மீன் இரண்டு துண்டு, அல்லது உள்ளங்கையில் பாதி அளவு கோழி. அப்புறம் கீரையோ காயோ. அதற்கப்புறம்தான் சோறு, இரண்டு ஸ்பூன். நாலு மணிக்குச் சர்க்கரை இல்லாத டீயோடு கொண்டைக்கடலைச் சுண்டல் அரைக் கிண்ணம். ராத்திரி தோசைக்குப் பதில் 60 கிராம் பனீரை மிளகு போட்டுப் புரட்டியது, 11 கிராம் புரதம். தோசைதான் வேண்டும் என்றால் பருப்பு தூக்கலாகப் போட்ட அடையில் பாதி. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்தால், மீல் மேக்கரை மறக்க வேண்டாம். காய்ந்த உருண்டையில் பாதிக்கு மேல் புரதம்தான், 25 கிராம் ஊறவைத்தால் 13 கிராம் வரும். படுக்கும்போது குடிக்கும் மால்ட் பானத்தை விட்டுவிடுங்கள். டப்பாவில் என்ன படம் போட்டிருந்தாலும் உள்ளே இருப்பதில் பெரும்பகுதி மாவுச்சத்தும் சர்க்கரையும்தான்.

இதைச் செய்தால் 65, 70 கிராம் வந்துவிடும். கலோரி தானாகவே இறங்கும், நீங்கள் குறைக்க வேண்டியதில்லை. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், எடை நின்றுபோன ஒரு அம்மாவிடம் "ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிடுங்கள்" என்று நானே சொல்லியிருக்கிறேன். அவர் சொன்னதைச் செய்தார், ஒரு கிலோ இறங்கியது. இரண்டு மாதம் கழித்து வந்தபோது கையில் ஒரு கொத்து முடி. நாற்காலியில் கையூன்றாமல் எழ முடியவில்லை. எடை மறுபடி நின்றிருந்தது. ஏற்கெனவே எண்ணூறு கலோரி சாப்பிட்டவரை அறுநூறுக்கு இறக்கியிருந்தேன். அன்றிலிருந்து தேக்கம் என்று யார் வந்தாலும், குறைப்பதைப் பற்றிப் பேசும் முன் புரதத்தைக் கூட்டிப் பார்க்கிறேன்.

ஐந்து நாள் திரவ உணவு, "பவுச் ரீசெட்" என்று சொல்கிறார்களே, அதுவும் இதே தவறின் பளபளப்பான வடிவம்தான். ஐந்து நாள் சூப்பும் ஷேக்கும் குடித்தால் வயிறு சுருங்கிப் பழைய அளவுக்கு வந்துவிடும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. இறங்கும் இரண்டு கிலோ கிளைகோஜனும் தண்ணீரும். ஆறாவது நாள் சோற்றைத் தொட்டதும் திரும்பி வரும். கூடவே "என்னால் முடியவில்லை" என்ற எண்ணமும் வரும், அது இன்னும் மோசம்.

நடையை விட வேண்டாம். ஆனால் 40-ஐ 60 ஆக்க வேண்டாம், அந்த இருபது நிமிடத்தைத் தசைக்குக் கொடுங்கள். வாரத்தில் மூன்று நாள் போதும். கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கைக்கொன்றாகப் பிடித்துத் தூக்குவது, ரப்பர் பட்டையை இழுப்பது. பத்து பத்தாக மூன்று சுற்று. எளிதாகிவிட்டால் எடையைக் கூட்டுங்கள். ஜிம் போக வசதியிருந்தால் போகலாம், ஏழு மாதம் ஆகிவிட்டதால் பொதுவாகத் தடையில்லை. குடலிறக்கம் ஏதாவது இருந்தால் மட்டும் சர்ஜனைக் கேட்டுக்கொள்ளுங்கள். பெண்கள் எடை தூக்கினால் ஆண்பிள்ளை மாதிரி ஆகிவிடுவார்கள் என்று யாராவது சொன்னால், கேட்டதாகத் தலையாட்டிவிட்டு வாருங்கள்.

தூக்கத்தையும் கேட்காமல் விட முடியாது. ஐந்து மணி நேரம் தூங்குகிறவருக்கு மறுநாள் இனிப்பும் மாவும்தான் கண்ணில் படும். சர்ஜரிக்கு முன்னால் குறட்டைக்கு மெஷின் வைத்துத் தூங்கியவர்கள், எடை குறைந்த பிறகு தாங்களே அதை நிறுத்திவிடாமல் டாக்டரிடம் மறுபடி சோதித்துக்கொள்ள வேண்டும்.

இன்னும் மூன்று வாரம் இதையெல்லாம் செய்தும் டேப்பும் மெஷினும் இரண்டுமே அசையவில்லை என்றால், அப்போது மருத்துவக் காரணங்களைத் தேடலாம். முதலில் மாத்திரை டப்பா. சில சர்க்கரை மாத்திரைகள், இன்சுலின், ஸ்டீராய்டு, மனநலத்துக்கும் வலிப்புக்கும் கொடுக்கும் சில மருந்துகள், சில ரத்த அழுத்த மாத்திரைகள் எடையைப் பிடித்து வைக்கும். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம், எழுதிக்கொடுத்தவரிடம் பட்டியலைக் காட்டி மாற்று உண்டா என்று கேளுங்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கும் அதற்கும் நாலு மணி நேர இடைவெளி இருக்க வேண்டும். எல்லாவற்றையும் காலையில் ஒரே மூச்சில் விழுங்குகிறவர்களுக்குத் தைராய்டு மாத்திரை சரியாக உள்ளே சேராது. தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், இரும்புச் சேமிப்புக்கு ஃபெரிட்டின், ரத்தத்தில் உள்ள புரதத்துக்கு அல்புமின், கூடவே வைட்டமின் பி12, டி பரிசோதனைகளை எப்படியும் எடுக்க வேண்டிய காலம் இது.

இன்னொன்று, சங்கடப்படாமல் கேட்கிறேன். மாதவிடாய் தள்ளிப் போயிருக்கிறதா? எடை குறைந்தால் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும். வருடக்கணக்கில் பிசிஓடி என்று மாதவிடாய் ஒழுங்கில்லாமல் இருந்தவர்கள், நமக்கெங்கே என்று அலட்சியமாக இருந்து மாட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். சர்ஜரி முடிந்து 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பம் வேண்டாம் என்பதுதான் பரிந்துரை. சந்தேகம் இருந்தால் ஒரு டெஸ்ட் கிட் வாங்கிப் பார்த்துவிடுங்கள்.

வயிறு பெரிதாகிவிட்டதா என்ற பயத்துக்கு வருகிறேன். ஸ்லீவ் குழாய் வருடங்கள் போகப்போகக் கொஞ்சம் நெகிழ்வது எல்லோருக்கும் நடப்பது. ஒரு கல்யாணப் பந்தியில் இரண்டு வாய் கூடச் சாப்பிட்டதால் அது பலூன்போல ஊதிவிடாது. வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம்: வெறும் கோழியோ முட்டையோ, தண்ணீர் இல்லாமல், மெதுவாகச் சாப்பிடுங்கள். சின்னக் கிண்ணத்தோடு வயிறு நிறைந்துவிட்டால் குழாய் தன் வேலையைச் செய்கிறது. சர்ஜரிக்கு முன்பு சாப்பிட்ட அளவுக்கே கெட்டிச் சாப்பாடு இறங்குகிறது என்றால்தான் பேரியம் எக்ஸ்ரே, எண்டோஸ்கோபி பற்றிப் பேச வேண்டும். ஐந்து வாரத் தேக்கத்துக்கு இரண்டாவது சர்ஜரி என்று யாராவது சொன்னால் வேறொரு சர்ஜனிடம் கருத்துக் கேளுங்கள். ஸ்லீவை பைபாஸாக, அதாவது வயிற்றைச் சின்னப் பையாக்கிக் குடலோடு நேரே இணைக்கும் சர்ஜரியாக மாற்றுவது உண்டுதான். மருந்துக்கு அடங்காத நெஞ்செரிச்சல், அல்லது இழந்த எடையில் பெரும்பகுதி திரும்ப ஏறிவிடுவது என்பவை அதற்கான காரணங்கள்.

எடை குறைக்கும் ஊசி பற்றி நீங்கள் கேட்கவில்லை, இதைப் படிக்கும் வேறு யாராவது கேட்பார்கள். டிர்செபடைடு, எடைக்கான செமாகுளூடைடு இரண்டும் 2025-இல் இந்தியாவுக்கு வந்துவிட்டன. சர்ஜரிக்குப் பிறகு எடை போதுமான அளவு குறையாதவர்களுக்கும் திரும்ப ஏறியவர்களுக்கும் இந்த வகை மருந்துகள் உதவுகின்றன என்பது உண்மை. ஆனால் பசியை இன்னும் அடக்கும் மருந்து அது. 25 கிராம் புரதத்தில் ஓடும் உடம்பில் அதைப் போட்டால் தசை இன்னும் வேகமாகக் கரையும். ஒன்றரை வருடம் கழித்தும் தேவைப்பட்டால் உங்கள் டாக்டரோடு பேசலாம், தோழி போட்டுக்கொண்டாள் என்பதற்காக அல்ல.

ஒரு விஷயம் இப்போதே தெரிந்திருக்கட்டும். எடை ஒரு நாள் நிஜமாகவே நிற்கும். சுவீடனில் 1987-இல் தொடங்கிய பெரிய ஆய்வு ஒன்று இருக்கிறது. சர்ஜரி செய்துகொண்டவர்களைப் பல வருடங்கள் பின்தொடர்ந்தார்கள். பைபாஸ் செய்தவர்களுக்கு அதிகபட்சமாக 32 சதவீத எடை குறைந்தது. பத்து வருடம் கழித்துப் பார்த்தபோது அது 25 சதவீதத்தில் நின்றது. கொஞ்சம் ஏறி, ஒரு இடத்தில் உட்கார்ந்துகொண்டது. ஸ்லீவ் அப்போது வழக்கத்தில் இல்லை, ஆனால் கோட்டின் போக்கு இதுதான். ஒன்றரை வருடத்தில் நீங்கள் 82, 85 கிலோவில் நின்று, சர்க்கரையும் பிரஷரும் மூட்டுவலியும் அடங்கியிருந்தால் அதற்குத் தேக்கம் என்று பெயர் வைக்காதீர்கள். ஆபரேஷன் ஒழுங்காக நடந்து முடிந்திருக்கிறது. உயரத்துக்கேற்ற எடை 59 என்று சுவரில் ஒட்டிய சார்ட் சொல்லும். சார்ட்டுக்கு உங்கள் உடம்பின் சரித்திரம் தெரியாது.

தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவை: நிற்காத வாந்தி, விழுங்கும்போது வலி, கறுப்பு மலம், கால் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது, கண் இரட்டையாகத் தெரிவது. கடைசி மூன்றும் வைட்டமின் பி1, பி12 தீர்ந்துபோவதன் அறிகுறியாக இருக்கலாம். வாந்தியோடு சேர்ந்து வந்தால் அன்றைக்கே போங்கள்.

கடைசியாகக் கிருத்திகை. எடைக்காக விரதம் இருக்க வேண்டாம், முருகனுக்காக இருங்கள். தண்ணீர்கூட இல்லாத விரதம் உங்களுக்குக் கூடாது. பாலும் பழமும் மட்டும் என்ற விரதம் கேட்க எளிது, ஆனால் வாழைப்பழமும் சர்க்கரை போட்ட பாலும் நாள் முழுக்கப் போனால் அது மேலே சொன்ன சறுக்குமரம்தான். வெங்காயம் பூண்டு இல்லாமல் பாசிப்பயறுச் சுண்டல், துணியில் கட்டித் தொங்கவிட்ட கெட்டித் தயிர், பனீர், மோரில் கலந்த புரோட்டீன் என்று இருந்தால் விரதமும் நிற்கும், புரதமும் வரும். அன்றும் மாத்திரைகளை விடாதீர்கள். பஞ்சாமிர்தம் ஒரு ஸ்பூன் சாப்பிடலாம், கிண்ணத்தை மட்டும் நாத்தனார் பக்கம் தள்ளிவிடுங்கள்.